மலிவான தீவனம் எப்போது மலிவு?
கறிக்கோழி வளர்ப்பில் மாற்றுத் தாவரத் தீவனப் பொருள்கள்: ஒரு விளக்கம்

தேவ்நார் என்றதும் மும்பைவாசிகளின் நினைவுக்கு வருவன 1971ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கிவரும் மாநகராட்சி இறைச்சிக்கூடமும் பக்ரீத் காலத்து ஆட்டுச் சந்தையுமே. எனினும், அப்பகுதியில் வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் கொதிப்பது கோழிக்குழம்பு. அந்தக் கோழி இறைச்சிக்கூடத்தின் வழியாக வருவதில்லை. புணே, நாசிக், ராய்கட் பகுதிப் பண்ணைகளிலிருந்து கூண்டு வண்டியில் ஏறி, நேரே தெருமுனைக் கடைக்கு வந்து சேர்கிறது. கடைப் பலகையில் எழுதப்படும் விலையோ அடிக்கடி மாறுகிறது.

அந்த விலையின் வேர் தீவனத்தில் இருக்கிறது. கறிக்கோழி உற்பத்திச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போகிறது. ஆகவே, ஊரில் உள்ள நிலத்தில் கொட்டகை போட்டுக் கோழி வளர்க்க எண்ணும் ஒருவர் தம் திட்ட அறிக்கையில் ‘மாற்றுத் தீவனப் பொருள்களால் செலவு குறையும்’ என்று ஒரு வரி சேர்ப்பது இயல்பு. அந்த வரி உண்மையாகலாம். கடனை அடைக்க முடியாத நிலைக்கும் கொண்டுசெல்லலாம். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கணக்கோடு காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோழியின் தட்டில் இருப்பவை

இன்றைய கறிக்கோழி ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ எடையைத் தாண்டுகிறது. இவ்வளவு விரைவாக வளரும் உயிருக்கு ஆற்றலும் புரதமும் செறிவாகக் கிடைக்க வேண்டும். கோழியின் குடல் குறுகியது. மாட்டைப்போல் நாரைச் செரிக்கும் வயிறு அதற்கு இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2007இல் வெளியிட்ட கோழித் தீவனத் தரக்குறிப்பு, கறிக்கோழியின் வாழ்நாளை மூன்று பருவங்களாகப் பிரிக்கிறது. முதல் வாரத்தில் 23 விழுக்காடு, மூன்றாம் வாரம் முடியும் வரை 22 விழுக்காடு, அதன்பின் 20 விழுக்காடு என்று குறைந்த அளவுப் புரதத்தை அது வரையறுக்கிறது. நார்ச்சத்து 5 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்றும் கூறுகிறது.

இந்தத் தேவையை நிறைவு செய்யும் வழக்கமான கலவையில் பாதிக்கும் மேல் மக்காச்சோளம். நான்கில் ஒரு பங்குக்குமேல் சோயா பிண்ணாக்கு. எஞ்சியவை எண்ணெய், சுண்ணாம்புச் சத்து, உப்பு, தாதுக்கள், வைட்டமின்கள், தனியாகத் தயாரிக்கப்படும் அமினோ அமிலங்கள் ஆகியன. மக்காச்சோளம் ஆற்றலைத் தருகிறது. சோயா புரதத்தைத் தருகிறது. சோயாவின் சிறப்பு அதன் புரத அளவில் மட்டும் இல்லை. கோழி தன் உடலில் உண்டாக்கிக்கொள்ள முடியாத லைசின் என்னும் அமினோ அமிலம் அதில் மிகுதியாக உள்ளது. மாற்றுப் பொருள் தேடும்போது பலரும் தவறவிடும் செய்தி இதுவே.

இரு பயிர்களை நம்பிய தொழில்

ஒரு தொழில் இரண்டே பயிர்களைச் சார்ந்திருந்தால் என்ன நேரும் என்பதைக் கோழிப் பண்ணையாளர்கள் 2021இல் கண்டார்கள். கிலோ 40 ரூபாய் அளவில் கிடைத்துவந்த சோயா பிண்ணாக்கு, அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 100 ரூபாயை நெருங்கியது. நிலைமை முற்றியதால், மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து எண்ணெய் எடுத்தபின் கிடைக்கும் பிண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு ஆகஸ்டில் அனுமதி அளித்தது. இந்தியக் கோழித் தொழிலில் அது புதிய நிகழ்வு.

அடுத்து வந்தது மக்காச்சோளத்தின் முறை. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் விரிவடைந்த வேளையில், 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கு அரசு வரம்பு விதித்தது. வடிப்பாலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. பல ஆண்டுகள் மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு, 2024இல் மியான்மர், உக்ரைன் முதலிய நாடுகளிலிருந்து அதைப் பெருமளவில் வாங்கியது. மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலையும் 2024–25இல் குவிண்டாலுக்கு 2,225 ரூபாயாக இருந்து 2025–26இல் 2,400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உழவருக்கு நன்மை தரும் இவ்வுயர்வு, கோழி வளர்ப்பவருக்குச் செலவாகிறது. மாற்றுப் பொருள்களைப் பற்றிய பேச்சு வலுப்பெற்றதற்கு இவையே காரணம்.

மக்காச்சோளத்துக்கு மாற்று

ஆற்றல் தரும் பொருளில் மாற்றம் செய்வது ஒப்பளவில் எளிது. நம் நாட்டில் அதற்குப் பல தானியங்கள் உள்ளன.

கம்பு: மக்காச்சோளத்தில் புரதம் ஏறத்தாழ 9 விழுக்காடு என்றால், கம்பில் 11 முதல் 12 விழுக்காடு வரை இருக்கும். லைசினும் சற்றுக் கூடுதல். ஆற்றல் சிறிது குறைவு என்பதால், கலவையில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்து ஈடுசெய்ய வேண்டும். மக்காச்சோளத்தில் உள்ள மஞ்சள் நிறமி கம்பில் இல்லாததால் கோழியின் தோல் வெளுத்துக் காணப்படும். இதனால் சத்தில் குறைவு ஏதும் இல்லை. தோலுரித்து விற்கும் மும்பைக் கடைகளில் இது பொருட்டன்று. தோலுடன் மஞ்சள் பூசி விற்கும் தமிழகக் கடைகளில் வாங்குபவர் கேள்வி எழுப்பக்கூடும்.

சோளம்: வெள்ளைச் சோளம் மக்காச்சோளத்துக்கு நெருங்கிய மாற்று. நிறம் அடர்ந்த சில வகைகளில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்திருக்கும். அது புரதச் செரிமானத்தைத் தடுக்கும்.

அரிசிக் குருணை: நார் மிகக் குறைவு; ஆற்றல் மக்காச்சோளத்துக்கு இணை. நிறமி இல்லை என்பதும், புரதம் சற்றுக் குறைவு என்பதும் மட்டுமே குறை. விலை ஒத்துவந்தால் மக்காச்சோளத்தின் பெரும் பகுதியை இது ஈடுசெய்யும்.

எண்ணெய் நீக்கிய தவிடு: விலை குறைவு, நார் மிகுதி. இதில் உள்ள மணிச்சத்தின் பெரும் பகுதி பைட்டேட் வடிவில் கட்டுண்டிருப்பதால், பைட்டேஸ் என்னும் நொதியைச் சேர்த்தால்தான் கோழிக்கு முழுமையாகப் பயன்படும். கறிக்கோழிக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சேர்ப்பது பொதுவாக நல்லதன்று.

மரவள்ளி: சேலம், நாமக்கல், தர்மபுரி மாவட்டங்களில் ஜவ்வரிசி ஆலைகளுக்காக விளைவிக்கப்படும் பயிர். உலர்த்திய கிழங்கில் மாவுச்சத்து மிகுதி. புரதமோ 2, 3 விழுக்காடுதான். எனவே மரவள்ளியைக் கூட்டினால் புரதப் பொருளையும் கூட்ட வேண்டியிருக்கும். கிழங்கில் உள்ள சயனைடு தரும் பொருளை நன்கு உலர்த்தி நீக்க வேண்டும். ஆலைக் கழிவான திப்பி நார் மிகுந்தது. அது மாட்டுக்குப் பொருந்துமே தவிர, வேகமாக வளரும் கறிக்கோழிக்குப் பொருந்தாது.

சோயாவுக்கு மாற்று

இங்கேதான் கணக்கு கடினமாகிறது. எண்ணெய் வித்துகள் பலவற்றின் பிண்ணாக்கும் புரதம் தருகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கே உரிய ஒரு குறையுடன் வருகிறது.

கடலைப் பிண்ணாக்கில் 40 விழுக்காட்டுக்கு மேல் புரதம் உண்டு. லைசினும் மெத்தியோனினும் குறைவு. பூஞ்சை நச்சு என்னும் இடர் பெரிது. எள்ளுப் பிண்ணாக்கில் மெத்தியோனின் மிகுதி, லைசின் குறைவு. சூரியகாந்திப் பிண்ணாக்கில் நார் மிகுதி. பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் உள்ள காசிபால் என்னும் நச்சுப்பொருள் லைசினைக் கட்டிப்போடுகிறது. கடுகுப் பிண்ணாக்கில் குளுக்கோசினோலேட்டுகள் உள்ளன; அவை மிகுந்தால் கோழி தீவனம் எடுப்பது குறையும். தேங்காய்ப் பிண்ணாக்கு காங்கயம், பொள்ளாச்சி வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும். எனினும் புரதம் 20 விழுக்காட்டு அளவே, விரைவில் சிக்கெடுக்கும் இயல்பும் உண்டு.

நாம் காயாகச் சமைக்கும் கொத்தவரையின் விதையிலிருந்து பிசின் எடுக்கும் தொழில் ராஜஸ்தானில் பெரிது. எஞ்சும் பருப்புத் தூளைக் குவார் கோர்மா என்கிறார்கள். புரதம் 50 விழுக்காட்டை எட்டும். எஞ்சியிருக்கும் பிசினால் எச்சம் ஒட்டும் தன்மை பெற்று, கொட்டகைத் தரை நனையும். எனவே மிகச் சிறிய அளவே சேர்க்கலாம்.

வடிப்பாலைகளிலிருந்து வரும் உலர் எச்சம், வணிகத்தில் டிடிஜிஎஸ் எனப்படுவது, இன்று சந்தையில் நிறைந்து கிடைக்கிறது. மக்காச்சோளத்திலிருந்து வருவதில் புரதம் 30 விழுக்காட்டுக்குள் இருக்கும். அரிசியிலிருந்து வருவதில் 45 விழுக்காட்டு அளவு இருக்கும். எத்தனாலாக மாறுவது மாவுச்சத்து மட்டுமே. ஆகவே தானியத்தில் இருந்த புரதமும் கொழுப்பும் எச்சத்தில் ஏறத்தாழ மூன்று மடங்காகச் செறிகின்றன. தானியத்தில் பூஞ்சை நச்சு இருந்திருந்தால் அதுவும் அவ்வாறே செறியும். ஆலைக்கு ஆலை, சுமைக்குச் சுமை தரம் மாறுவதால், ஒவ்வொரு வரத்தையும் சோதித்துப் பார்ப்பவருக்கே இது ஏற்றது.

மலிவான புரதம், விலையுயர்ந்த லைசின்

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். இதில் வரும் விலைகள் விளக்கத்துக்காக நாம் கொள்பவை. அவற்றின் இடத்தில் தங்கள் ஊர் விலையை வாசகர்கள் இட்டுக்கொள்ளலாம்.

சோயா பிண்ணாக்கு கிலோ 45 ரூபாய், புரதம் 45 விழுக்காடு எனில், ஒரு கிலோ புரதத்தின் விலை 100 ரூபாய். சூரியகாந்திப் பிண்ணாக்கு கிலோ 27 ரூபாய், புரதம் 30 விழுக்காடு எனில், ஒரு கிலோ புரதம் 90 ரூபாய். சூரியகாந்தியே மலிவு என்று தோன்றும்.

இப்போது லைசினைக் கணக்கிடுவோம். சோயா பிண்ணாக்கில் லைசின் ஏறத்தாழ 2.8 விழுக்காடு, சூரியகாந்தியில் 1 விழுக்காட்டு அளவு. ஒரு கிலோ லைசினுக்கு சோயா வழியாக நாம் கொடுப்பது சுமார் 1,600 ரூபாய். சூரியகாந்தி வழியாகக் கொடுப்பது 2,700 ரூபாய். தனி லைசினை வாங்கிச் சேர்த்துக் குறையை நிரப்பலாம் என்பது உண்மையே. அந்தச் செலவையும், நார் மிகுதியால் குறையும் ஆற்றலை ஈடுசெய்யும் எண்ணெய்ச் செலவையும் கூட்டிய பிறகே மலிவா இல்லையா என்று சொல்ல முடியும்.

சோதனைச்சாலை அறிக்கையில் ‘மொத்தப் புரதம்’ என்ற எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அந்த எண், பொருளில் உள்ள நைட்ரசனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் பெறப்படுவது. யூரியா கலந்தாலும் எண் உயரும். கோழிக்கு அதனால் பயன் இல்லை.

கடன் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

கோழி ஒரு கிலோ எடை கூடுவதற்கு எத்தனை கிலோ தீவனம் தின்கிறது என்பதே தீவன மாற்று விகிதம். பண்ணைகளில் இதை எஃப்.சி.ஆர். என்பார்கள். தொழிலின் ஆதாயம் முழுவதும் இந்த எண்ணைச் சுற்றியே அமைகிறது.

5,000 கோழிகள் கொண்ட கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோழி ஒன்றுக்கு எடை 2 கிலோ, எஃப்.சி.ஆர். 1.6, தீவனம் கிலோ 40 ரூபாய். ஒரு கோழி 3.2 கிலோ தின்னும். அதன் செலவு 128 ரூபாய். கொட்டகை முழுவதற்கும் ஒரு சுற்றுக்கு 16 டன் தீவனம், 6 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய்.

மாற்றுப் பொருள் சேர்த்ததால் தீவனம் கிலோவுக்கு 2 ரூபாய் குறைந்து 38 ரூபாய் ஆயிற்று என்று கொள்வோம். எஃப்.சி.ஆர். மாறாவிட்டால் கோழிக்கு 121 ரூபாய் 60 காசு. ஒரு சுற்றில் 32,000 ரூபாய் மிச்சம். ஆனால் புதிய கலவையால் எஃப்.சி.ஆர். 1.7 ஆனால், கோழி 3.4 கிலோ தின்னும். செலவு 129 ரூபாய் 20 காசு. மிச்சம் போய், 6,000 ரூபாய் இழப்பு. வளர்ச்சி தாமதமாகி விற்பனை சில நாள் தள்ளிப்போனால் இழப்பு மேலும் கூடும்.

இலாபமும் இழப்பும் சந்திக்கும் புள்ளி எஃப்.சி.ஆர். 1.68. அதாவது, ஒரு கிலோ எடைக்கு 84 கிராம் தீவனம் கூடுதலாகச் செலவானால் கிலோவுக்கு 2 ரூபாய் மலிவு முழுவதும் கரைந்துவிடும். 84 கிராம் என்பது இரண்டு கைப்பிடி அளவே. மாற்றுத் தீவனத்தின் வெற்றியும் தோல்வியும் அந்தக் கைப்பிடிக்குள் அடங்கியிருக்கின்றன.

இதனால் மாற்றம் செய்வதே தவறு என்று கொள்ள வேண்டியதில்லை. படிப்படியாகச் செய்ய வேண்டும் என்பதே பொருள். கொட்டகையின் ஒரு பகுதியைத் தடுத்து, சில நூறு கோழிகளுக்கு மட்டும் புதிய கலவையை ஒரு முழுச் சுற்றுக்குக் கொடுத்து, தீவனத்தையும் எடையையும் வாரந்தோறும் குறித்து ஒப்பிடலாம். முதல் மூன்று வாரக் குஞ்சுகளுக்கு வழக்கமான தீவனத்தையே கொடுத்து, அதன்பின் மாற்றத்தைத் தொடங்குவது இடரைக் குறைக்கும்.

பூஞ்சை என்னும் மறைமுகச் செலவு

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்தபோது, தீவனத்தில் சேர்த்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் நச்சே காரணம் என்று தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை உலகம் அறிந்துகொண்டது அவ்வாறுதான். கோழித் தீவனத்தில் ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது இந்தியத் தரக்குறிப்பு. அந்த அளவு கண்ணுக்கும் மூக்கிற்கும் தெரிவதில்லை. சமைத்தாலும் சூடாக்கினாலும் முழுமையாக நீங்குவதும் இல்லை. கோழி உடனே சாகாவிட்டாலும், கல்லீரல் கெட்டு, நோய் எதிர்ப்புத் திறன் குறைந்து, எஃப்.சி.ஆர். உயரும்.

கொங்கணக் கரையின் மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும். மும்பையைச் சுற்றியுள்ள ராய்கட், பால்கர் மாவட்டங்களில் பண்ணை வைப்பவர்கள், தானியத்தின் ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்கு மேற்படாமல் பார்த்து வாங்க வேண்டும். மூட்டைகளைத் தரையில் படாமல் மரச்சட்டத்தின் மீதும், சுவரிலிருந்து விலக்கியும் அடுக்க வேண்டும். தமிழகத்தில் உள்ளவர்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் பயன்படும். சோதனைக்குச் சில நூறு ரூபாய் செலவிடத் தயங்கி, ஒரு சுற்றுக் கோழியை இழப்பது அறிவுடைமை ஆகாது.

மாற்றும் உரிமை யாருக்கு?

பல்லடம், உடுமலை வட்டாரத்தில் வேரூன்றி நாடெங்கும் பரவிய ஒப்பந்த முறையில், குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் பண்ணையாளருடையவை. அவருக்குக் கிலோ கணக்கில் வளர்ப்புக் கூலி கிடைக்கும். இம்முறையில் தீவனத்தை மாற்ற அவருக்கு உரிமை இல்லை. எனவே, ஒப்பந்த முறையில் சேர எண்ணுவோர் தம் திட்ட அறிக்கையில் மாற்றுத் தீவனச் சேமிப்பைக் காட்டுவது பொருளற்றது. சொந்தமாக வாங்கி வளர்த்து விற்பவர், தீவன அரைவை ஆலை நடத்துபவர், நாட்டுக்கோழி வளர்ப்பவர் ஆகியோருக்கே இக்கட்டுரையின் கணக்குகள் நேரடியாகப் பயன்படும்.

நாட்டுக்கோழிக்கு விதிகள் சற்றுத் தளர்வானவை. அது மெதுவாக வளர்வதால் குறைந்த புரதமும் கூடுதல் நாரும் தாங்கும். தொட்டியில் வளர்க்கும் அசோலா, முருங்கை இலை முதலியன அங்கே துணைத் தீவனமாகப் பயன்படும். அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஐம்பது கோழிக்கு உதவும் தொட்டி, ஐயாயிரம் கோழிக்கு உதவாது.

வங்கியும் பண்ணையும்

கிசான் கடன் அட்டை 2018–19 முதல் கால்நடை, கோழி வளர்ப்புக்கும் விரிவுபடுத்தப்பட்டது. தீவனம் போன்ற நடைமுறைச் செலவுகளுக்கு அதைப் பயன்படுத்தலாம். கால்நடை வளர்ப்போருக்கு வட்டிச் சலுகை 2 லட்சம் ரூபாய் என்னும் வரம்புக்கு உட்பட்டது. மேலே கண்ட 5,000 கோழிக் கொட்டகைக்கு ஒரு சுற்றுத் தீவனமே 6 லட்சத்துக்கு மேல் ஆவதால், எஞ்சிய நடைமுறை மூலதனத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். தீவன ஆலை அமைப்போருக்கு, 2020 ஜூனில் அறிவிக்கப்பட்ட கால்நடைப் பராமரிப்பு உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியத்தின் கீழ் 3 விழுக்காடு வட்டி மானியம் வகுக்கப்பட்டது. நடப்பு விதிகளைக் கிளையில் கேட்டறியலாம்.

அறுவடைக் காலத்தில் கம்பையோ சோளத்தையோ மலிவாக வாங்கி இருப்பு வைக்க எண்ணுவோர் வட்டியையும் விலையோடு கூட்ட வேண்டும். கிலோ 24 ரூபாய்க்கு வாங்கி நான்கு மாதம் வைத்தால், ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் கிலோவுக்கு 80 காசு ஏறும். கிடங்கு வாடகை, பூச்சி, எலி, எடைக் குறைவு ஆகியவை அதற்கு மேல். சந்தை விலை அதைவிடக் கூடுதலாக உயரும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டுமே இருப்பு ஆதாயம் தரும்.

திட்ட அறிக்கையுடன் கிளைக்கு வரும்போது நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி எடுத்துவருமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மாற்றுப் பொருள் தங்கள் பண்ணையின் அருகில் ஆண்டு முழுவதும் கிடைக்குமா? லைசின், மெத்தியோனின் குறையை எதைக் கொண்டு நிரப்புவீர்கள். அதன் விலை என்ன? ஒவ்வொரு வரத்தையும் எங்கே சோதிப்பீர்கள்? எஃப்.சி.ஆர். பத்தில் ஒரு புள்ளி உயர்ந்தாலும் தவணை கட்ட முடியுமா? நான்காம் கேள்விக்குத் துணிவுடன் ‘முடியும்’ என்று கூறக்கூடிய திட்டமே உறுதியான திட்டம்.

தேவ்நார்த் தெருமுனைக் கடையில் கோழி வாங்குபவருக்கு அது தின்றது மக்காச்சோளமா கம்பா என்பது தெரிய வேண்டியதில்லை. ஊரில் கொட்டகை போட்டவருக்கு அது தெரிய வேண்டும். அது எத்தனை கிராம் தின்றது என்பதும் தெரிய வேண்டும். தராசும் ஒரு குறிப்பேடும் எப்போதும் அவர் கையருகே இருக்கட்டும்.